ஊட்டி பக்கம் நிலம் வாங்கி வீடு கட்டணுமா? பத்திரம் மட்டும் போதாது! அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் 10 சென்ட் இடம் வாங்கி, ரிட்டையர் ஆன பிறகு சின்னதா ஒரு வீடு கட்டிக்கிட்டு இருக்கணும் என்ற ஆசை பலருக்கும் உண்டு. "பட்டா கிளியரா இருக்கு, நாளைக்கே பத்திரம் போட்டுடலாம்" என்று புரோக்கர் சொல்வார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்.

ஆனால் நீலகிரி மாவட்டத்தில் நிலம் உங்கள் பெயரில் பதிவாவது வேறு, அதில் வீடு கட்ட அனுமதி கிடைப்பது வேறு. இது தெரியாமல் சேமிப்பு முழுவதையும் கொட்டிவிட்டு, செங்கல் ஒன்றுகூட வைக்க முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

பத்திரம் ஆகுது, வீடு மட்டும் ஏன் கட்ட முடியலை?

பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவுப்படி, அங்கீகாரம் இல்லாத மனைகளை வீட்டு மனையாகப் பதிவு செய்ய முடியாது. 20.10.2016-க்கு முன்பே மனையாகப் பதிவானவற்றுக்கு மட்டும் விலக்கும், வரன்முறை செய்யும் வாய்ப்பும் தரப்பட்டன.

இதனால் சிலர் தேயிலைத் தோட்டத்தைத் துண்டு போட்டு, 'விவசாய நிலம்' என்றே விற்கிறார்கள். விவசாய நிலமாகப் பத்திரம் முடிந்துவிடும். வீடு கட்ட விண்ணப்பிக்கும்போதுதான் சிக்கல் தெரியும். எனவே பத்திரத்தில் 'மனை' என்று இருக்கிறதா, 'விவசாய நிலம்' என்று இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

நீலகிரியில் மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?

காரணம் மண்சரிவு. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் 40-க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 800 மி.மீ.க்கு மேல் மழை கொட்டியது. சரிவை வெட்டி வீடு கட்டினால், ஆபத்து கட்டியவருக்கு மட்டுமல்ல, கீழே குடியிருப்பவருக்கும்தான்.

அதனால்தான் நீலகிரி கிராமங்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் (ஹாகா) வரம்பில் உள்ளன. கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளுக்கும் இதே ஏற்பாடு உண்டு. இங்கு கட்டிட அனுமதி தருவதற்கு முன் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆகியவற்றின் கருத்தும் கேட்கப்படும். கட்டிடத்தின் உயரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. 1993-ம் ஆண்டின் மாஸ்டர் பிளான் காலத்திலிருந்தே 7 மீட்டர் என்ற அளவு இங்கு பிரபலம். மூன்று மாடி கனவெல்லாம் வேண்டாம்.

எந்தப் பகுதியில் என்ன சிக்கல்?

கூடலூர், பந்தலூர்: இங்குள்ள பல நிலங்கள் ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்மி நிலங்கள். 1969-ல் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் 17-வது பிரிவின் கீழ் வரும் நிலங்கள் யாருக்குச் சொந்தம் என்ற பிரச்சினை பல பத்தாண்டுகளாக இழுக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2007-ல் அளித்த புகழ்பெற்ற ஐ.ஆர்.கொயலோ தீர்ப்பே இந்தச் சட்டம் தொடர்பான வழக்கில் பிறந்ததுதான். 'செக்ஷன் 17 நிலம்' என்று காதில் விழுந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மசினகுடி, சீகூர் பகுதி: இது யானை வழித்தடம். 2010-ல் தமிழக அரசு அறிவித்ததை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்கு முன்பே, 2018-ல், இங்கு பல ரிசார்ட்டுகளுக்கு சீல் வைக்கப்பட்டது. கட்டிய கட்டிடத்துக்கே அந்தக் கதி என்றால், காலி நிலத்தைப் பற்றி யோசித்துக்கொள்ளுங்கள்.

தனியார் காடு: 1949-ம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் நிலத்தை விற்கவே மாவட்டக் குழுவின் முன் அனுமதி வேண்டும்.

பழங்குடியினர் நிலமும் நிபந்தனைப் பட்டாவும்: அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலத்தை நினைத்தபடி விற்க முடியாது. நிபந்தனையை மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

என்னென்ன ஆவணங்கள் பார்க்கணும்?

பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் (எஃப்எம்பி) ஆகியவற்றை வருவாய்த் துறையின் இ-சேவை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். நிலம் ரயத்துவாரியா, புறம்போக்கா என்பது 'அ' பதிவேட்டில் இருக்கும். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் எடுக்கலாம். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பாருங்கள்.

பட்டாவில் பல பெயர்கள் இருந்தால் அது கூட்டுப் பட்டா. உட்பிரிவு செய்யாமல் ஒரு பங்குதாரரிடம் மட்டும் வாங்கினால், பின்னாடி அண்ணன் தம்பி தகராறில் நீங்களும் ஒரு கட்சிக்காரர் ஆகிவிடுவீர்கள். அப்புறம் கோர்ட்டுக்கு அலையணும்.

மரம், மண், தண்ணீர்

உங்கள் நிலத்தில் நிற்கும் மரம் என்றாலும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. 1955-ம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொக்லைன் கொண்டு மண்ணை வெட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். போர்வெல் போடவும் கட்டுப்பாடு உண்டு. எனவே தண்ணீர் எங்கிருந்து வரும், வண்டி வர பாதை இருக்கிறதா, அந்தப் பாதை யாருடையது என்பதையும் கேளுங்கள்.

பதிவுக்கு எவ்வளவு ஆகும்?

வழிகாட்டி மதிப்பின்படி முத்திரைத் தீர்வையும் மாற்றுத் தீர்வையும் சேர்த்து 7%, பதிவுக் கட்டணம் 2%. ஆக மொத்தம் 9%. ரூ.10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 1.4.2025 முதல் பதிவுக் கட்டணத்தில் 1% சலுகை உண்டு.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

* சர்வே எண்ணோடு ஊராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்துக்கும், நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் போய், "இங்கு வீடு கட்ட அனுமதி கிடைக்குமா?" என்று கேளுங்கள்.
* வனத்துறை எல்லை எவ்வளவு தூரம் என்று விசாரியுங்கள்.
* மழைக்காலத்தில் ஒருமுறை நிலத்தைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது வெயில் காலத்தில் தெரியாது.
* வக்கீல் ஒருவரிடம் மூலப் பத்திரங்களைக் காட்டுங்கள். அவர் விற்பவர் கூட்டி வந்தவராக இருக்கக் கூடாது.
* கட்டிட அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பத் தரப்படும் என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். அனுமதி நிச்சயம் கிடைக்கும் என்று நம்பும் விற்பனையாளர் அந்த வரியை எழுதத் தயங்க மாட்டார். தயங்கினால், உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.