சராசரி மனிதனின் நிறை

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாடசாலையொன்றின் ஆசிரியர் அறையில் நாம் கண்ட கணக்கு இது. நீரிழிவு நோயுள்ள சக ஆசிரியை ஒருவர், தம் நிறை 80 கிலோ என்றும், வாரம் ஒருமுறை போடும் செமகுளூட்டைட் ஊசியால் ஓராண்டில் 15 வீதம் குறையும் என்றும், ஆகவே 12 கிலோ போய்விடும் என்றும் தாளொன்றில் எழுதி வைத்திருந்தார். ஊசிக்குக் காசு தேட இரண்டு காப்புகளை அடகு வைக்கவும் எண்ணியிருந்தார். பெருக்கலில் பிழையில்லை, பிழை அந்தப் பதினைந்தில் இருந்தது.

அவ்வெண் 2021இல் வெளியான ஓர் ஆய்வின் விளைவு. 16 நாடுகளில் 1,961 பேர், 68 வாரங்கள். ஊசி பெற்றோர் இழந்தது சராசரியாக 14.9 வீதம். ஆனால் அவர்கள் யார்? நால்வரில் மூவர் வெள்ளையர். சராசரி நிறை 105 கிலோ. நீரிழிவுள்ளோர் சேர்க்கப்படவே இல்லை. அவர்களுள்ளும் ஏறத்தாழ மூவரில் ஒருவர் 20 வீதமோ அதற்கு மேலோ இழக்க, நூற்றுக்குப் பதினால்வர் 5 வீதந்தானும் இழந்திலர். நீரிழிவுள்ளோரை வைத்து அதே ஆண்டு வெளியான வேறோர் ஆய்வு காட்டிய சராசரி 9.6 வீதம். நம் ஆசிரியைக்கு அது 8 கிலோவுக்கும் குறைவு, அதுவும் சராசரியே.

இந்தச் சராசரிக்கு ஒரு வரலாறு உண்டு. பெல்ஜிய வானியலாளர் கெற்றலே, விண்மீன்களை அளந்த கணிதத்தை மனிதர்மேல் ஏவி, 1835இல் 'சராசரி மனிதன்' என்றொருவனைப் படைத்தார். நிறை உயரத்தின் வர்க்கத்தோடு ஒத்து வளர்கிறது என்று கண்டவரும் அவரே. அவர் நாடியது மக்கட்கூட்டத்தின் இயல்பை. நோயாளி ஒருவரின் விதியை அன்று. 1972இல் அமெரிக்கரான அன்சல் கீஸ் அந்த அளவுக்கு உடற்றிணிவுச் சுட்டி என்று பெயரிட்டார். ஆசியருக்கு 23இலேயே ஆபத்துத் தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவன நிபுணர் கூறியதோ 2004இல்தான்!

1942, 1943 ஆண்டுகளில் நியூயோர்க்கின் மெற்ரோபொலிற்றன் ஆயுட்காப்புறுதி நிறுவனம் 'இலட்சிய நிறை' அட்டவணைகளை வெளியிட்டது. அதே 1942 ஏப்ரல் 9இல் நம் துறைமுகத்தின்மேல் யப்பானியக் குண்டுகள் விழுந்தன. பர்மா வீழ்ந்து அரிசி நின்றது. பங்கீட்டில் கோதுமை மாவு இடம்பிடித்தது. அங்கே உண்டு பெருத்தோருக்கு அட்டவணை. இங்கே உண்ண அரிசியில்லை. பின்னர் 1980இல் இதே துறைமுகக் கரையில் பிறிமா மாவாலை இயங்கத் தொடங்கிற்று. மா ஒன்றே நம் நீரிழிவுக்குக் காரணம் என்பதன்று நமது வாதம். ஆயினும் பாணும் கொத்துரொட்டியும் தின்னும் தலைமுறையின் உடலுக்குப் பின்னால் கப்பல்களும் போரும் இருக்கின்றன. ஆய்வு அட்டவணைகளில் அவற்றுக்குக் கட்டம் இல்லை.

மெலிய வைக்கும் மருந்தின் கதையும் புதிதன்று. முதலாம் உலகப்போரில் பிரெஞ்சு வெடிமருந்துத் தொழிலாளர் டைநைத்திரோபீனோலால் வியர்த்து மெலிந்தனர், சிலர் மாண்டனர். தொழிலாளியைக் கொன்ற அப்பொருளே 1933இல் அமெரிக்காவில் மெலிவு மருந்தாயிற்று! பலருக்குக் கண்புரை வந்தது. 1938இல் புதிய சட்டம் வந்தபின்பே அது விலக்கப்பட்டது. இன்றைய ஊசியை அதனோடு ஒருதட்டில் வைப்பது நியாயமாகாது. இது முறையாகச் சோதிக்கப்பட்டது.

ஓராண்டின் பலனை முன்கூட்டி அறிய வழியே இல்லையோ எனின், ஓரளவு உண்டு. உடல் தானே தரும் தொடக்கச் சான்றுதான் அது. 2014இல் நிறைகுறைப்புக்கு அமெரிக்கா அனுமதித்த லிரகுளூட்டைட்டுக்கு, 16 வாரங்களில் 4 வீதமேனும் குறையாவிடின் நிறுத்துக என்ற விதி வகுக்கப்பட்டது. செமகுளூட்டைட்டை நிறுத்தியோர், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டில் மீளப் பெற்றனர் என்பதும் 2022இல் தெரியவந்தது.

இவற்றைக் கூறியபோது ஆசிரியை சினக்கவில்லை. "அப்ப அடுத்த வருசமும் போடவேணும்" என்றார். பின் தாளைத் திருப்பி, வைத்தியரிடம் கேட்கவேண்டியவற்றை வரிசையாக எழுதினார். முதல் வரி, நான்கு மாத ஊசிக்கு எவ்வளவு செல்லும் என்பது.