பழைய இரும்பும் புதுப் பழசும்

சென்ற மாதம் ராஜபாளையத்தில் ஒரு கடையில் பழைய சைக்கிள் ஒன்றைப் புதிதாக விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் தவறாக எழுதவில்லை. அகன்ற ஹாண்டில்பார், வில்லாக வளைந்த குழாய், மலைப்பாம்பு மாதிரிப் பருத்த டயர், மங்கிய பச்சை வர்ணம். பார்த்தால் தாத்தா காலத்துச் சாமான். விலைச் சீட்டில் ரூ. 26,000 என்று போட்டிருந்தது. கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகன் அதைப் பிரதட்சிணம் வந்துகொண்டிருந்தான்.

"இதுக்குப் பேர் க்ளங்கர், மாமா."

"அப்படியென்றால்?"

"பழைய மாடல்!"

அதற்கு மேல் அவனுக்கும் தெரியவில்லை, கடைக்காரருக்கும் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று பையனை இழுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். வந்தபின் அந்தச் சொல்லின் பூர்வோத்தரத்தை விசாரித்தேன். ஆங்கிலத்தில் அது அப்படியொன்றும் மரியாதையான வார்த்தை இல்லை. ஓட்டை, உடைசல், லொடக்கு வண்டி என்று நாம் சொல்வோமே, அதுதான்.

கதை 1933-இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம். சைக்கிள் வாங்க ஆளில்லை. சிகாகோ நகரத்து ஷ்வின் கம்பெனி அந்த வருஷம் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. இரண்டு அங்குலத்துக்கு மேல் பருத்த டயர் போட்டு, மோட்டார் சைக்கிள் சாயலில், பையன்களுக்கென்று ஒரு முரட்டு வண்டியை இறக்கிற்று. பத்திரிகை போடும் பையன்கள் அதை ஓட்டினார்கள். கனம் அதிகம், ஆனால் லேசில் உடையாது. பிறகு அந்தப் பையன்கள் வளர்ந்து கார் வாங்கினார்கள். சைக்கிள்கள் கொட்டகைக்கும் குப்பைமேட்டுக்கும் போய்ச் சேர்ந்தன.

அவற்றைத் தேடி எடுத்தவர்கள் 1970-களில் கலிபோர்னியாவில், சான் பிரான்ஸிஸ்கோவுக்கு வடக்கே டமால்பாயிஸ் மலையடிவாரத்தில் இருந்த சில வாலிபர்கள். காசில்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. நல்ல பந்தய சைக்கிள் வைத்திருந்தவர்களும் அதில் உண்டு. ஆனால் பந்தய சைக்கிளின் மெல்லிய சக்கரம் மலைப்பாதையில் நிற்காது. ஷ்வின் எக்ஸெல்ஸியர் என்னும் பழைய வண்டியைச் சொற்ப விலைக்கு வாங்கி, மட்கார்டு முதலான அலங்காரங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, காட்டுத்தீ அணைக்கப் போட்டிருந்த மண் பாதைகளில் தலைதெறிக்க இறங்கினார்கள்.

1976-ஆம் வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி பேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் முதல் பந்தயம் வைத்தார்கள். இரண்டு மைல் சொச்சம் தூரத்தில் 1,300 அடி இறக்கம். நம் ஆண்டாள் கோயில் ராஜகோபுரத்தை ஒன்றின்மேல் ஒன்றாக ஏறக்குறைய ஏழு முறை அடுக்கி, அதன் உச்சியிலிருந்து உருண்டு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பழங்கால பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் அச்சுக் குடத்தில் இருந்த கிரீஸெல்லாம் புகையாகப் போய்விடும். திரும்பவும் கிரீஸை அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்துவிட்டது. மறுபடி அடைப்பது என்று பொருள். கேரி ஃபிஷர் என்பவர் அந்தப் பாதையை 4 நிமிஷம் 22 விநாடியில் கடந்தார். அவர்தான் பழைய எக்ஸெல்ஸியரில் கியரும் டிரம் பிரேக்கும் பூட்டியவர்களில் முக்கியமானவர்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கலிபோர்னியா மறந்து, செண்பகத்தோப்புச் சாலை நினைவுக்கு வந்தது.

மலை நமக்கும் உண்டு. மேற்கே நிமிர்ந்தால் மலைதான். அடிவாரத்து மாந்தோப்புகளிலிருந்து மூட்டைகளும் சுற்றுக் கிராமங்களிலிருந்து பாலும் என் சின்ன வயதில் சைக்கிளில்தான் வந்தன. இந்த ஊர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலைச் சுமந்த சைக்கிளுக்கு ஒரு குறியீடும் இல்லை. அந்த வண்டிகளை நினைவில் கொண்டுவந்து பாருங்கள். கம்பெனி செய்து அனுப்பியது ஒன்று. ஊர்ப் பட்டறையில் அது ஆனது வேறொன்று. போர்க்கின் இரு பக்கமும் இரும்புக் கம்பி கொடுத்து ஹாண்டில் தலைவரைக்கும் முட்டுக் கொடுத்திருப்பார்கள். கேரியர் கட்டில் மாதிரி அகன்றிருக்கும். பால் கேன் தொங்க இரு பக்கமும் கொக்கி. மூட்டையைக் கட்டப் பழைய டியூபைக் கிழித்த ரப்பர் வார். மட்கார்டு, செயின் கவர், மணி எல்லாம் எப்போதோ விடைபெற்றுப் போயிருக்கும். டமால்பாயிஸ் வாலிபர்கள் இறங்குவதற்காகச் செய்ததை நம்மவர்கள் சுமப்பதற்காகச் செய்தார்கள். அங்கே விளையாட்டு, இங்கே வயிறு.

சக்கரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்க வண்டிக்கு 26 அங்குலம்; நம்முடையது 28. பின்னாளில் மலை சைக்கிள்காரர்கள் பெரிய சக்கரமே கல்லிலும் குழியிலும் சுகமாக உருளும் என்று கண்டுபிடித்து, '29 அங்குலம்' என்று ஒன்றைப் பிரமாதமாக விளம்பரம் செய்தார்கள். அதன் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 622 மில்லி மீட்டர். நம் பால்காரர் ஓட்டிய 28-க்கு 635!

என் அப்பா வைத்திருந்தது ஹெர்குலிஸ். முருகப்பா குழுமத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியாரும் சேர்ந்து 1949-இல் ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள்ஸின் அம்பத்தூர்த் தொழிற்சாலையில் செய்தது. முன் சக்கரத்தில் 32 கம்பி, பின் சக்கரத்தில் 40. அதில்தான் அவர் ராஜபாளையத்து மில் ஒன்றில் மூன்றாவது ஷிப்டுக்குப் போய் வந்தார். ராத்திரியில் டைனமோ டயரோடு உரசும் சத்தம் தெருமுனையில் கேட்டால் அம்மா எழுந்து கதவைத் திறப்பாள். குரங்கு பெடல் போட்டு நான் விழுந்து எழுந்ததும் அதில்தான். அவர் காலமான மறு வருஷம், திண்ணையில் இடத்தை அடைக்கிறதென்று, அதைப் பழைய இரும்புக்காரனுக்கு எடைக்குப் போட்டேன். கிடைத்தது நூற்றுச் சொச்சம் ரூபாய். அதை இப்போது எழுதும்போதுகூடக் கை கொஞ்சம் தயங்குகிறது.

பழசைப் பற்றி இப்படி உருகிவிட்டு உண்மையை மறைக்கக் கூடாது. பழைய எக்ஸெல்ஸியர் ஃபிரேம்கள் மலை இறக்கத்தில் உடைந்தன. அதனால்தான் ஜோ பிரீஸ் என்பவர் 1977-இல் விமானத்துக்கு உபயோகிக்கும் ரகத்துக் குரோம்-மாலிப்டினக் குழாயைக் கொண்டு புதிதாகவே ஃபிரேம் கட்டினார். முதல் வரிசையில் மொத்தம் பத்தே வண்டி. 1979-இல் ஃபிஷரும் சார்லி கெல்லியும் 'மவுண்டன் பைக்ஸ்' என்று கம்பெனி வைத்தார்கள்; அவர்களுக்கு ஃபிரேம் செய்து கொடுத்தவர் டாம் ரிட்சி. 1981-இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ஜப்பானில் செய்வித்து, 'ஸ்டம்ப்ஜம்பர்' என்று கடைகளுக்கு அனுப்பியது. குப்பைமேட்டுச் சரக்கு உலக வியாபாரம் ஆகிவிட்டது.

இதில் ஷ்வின் கம்பெனியின் விதியைத்தான் சொல்ல வேண்டும். தன் பழைய வண்டியை வைத்துத்தான் இவ்வளவும் நடக்கிறது என்று அது அறியாமல் இல்லை. 1978-இல் 'க்ளங்கர் 5' என்று ஒரு வண்டியை இறக்கியும் பார்த்தது. பருத்த டயரும் ஐந்து கியரும் இருந்தன. மலையைத் தாங்கும் உரம் இல்லை. உருவத்தைப் பிடித்துக்கொண்டு காரியத்தை விட்டுவிட்டார்கள். 1992-இல் அந்தக் கம்பெனி திவாலாயிற்று. நம் நாட்டிலும், 1951-இல் சோனிபட்டில் தொடங்கிய அட்லஸ் தன் சாஹிபாபாத் தொழிற்சாலையை 2020 ஜூன் 3-ஆம் தேதி மூடிற்று. அன்று உலக சைக்கிள் தினம்! கதையில் எழுதினால் செயற்கை என்பார்கள்.

ஆகவே ராஜபாளையத்துப் பச்சை வண்டி மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. டிஸ்க் பிரேக்கும் நல்ல குழாயுமாக, அசலைவிடப் பத்திரமான வண்டிதான். ஆனால் க்ளங்கர் என்பதைக் கடையில் வாங்க முடியும் என்பதுதான் எனக்கு ஜீரணமாகவில்லை. ஒருவர் வேண்டாமென்று போட்டதை இன்னொருவர் தன் பாதைக்குத் தக்கபடி பிரித்துப் பூட்டியதற்கல்லவா அந்தப் பெயர்?

பையனைக் கூட்டிக்கொண்டு, எங்கள் தெருவுக்கு அடுத்த சந்தில் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் போனேன். வயது எழுபதுக்கு மேல். இப்போது பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் பஞ்சர்தான் ஒட்டுகிறார். விஷயத்தைச் சொன்னேன்.

"உங்கப்பா வண்டி இருக்குமே தம்பி? கடைசியா நான்தானே கோணல் எடுத்தேன்."

"எடைக்குப் போட்டுட்டேன், அண்ணாச்சி."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் டயர்க் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு ஃபிரேமை இழுத்து வந்தார். பழைய பால் வண்டி. வர்ணம் இருந்த இடமெல்லாம் துரு. விரல் கணுவால் ஒவ்வொரு குழாயாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"இதில டிஸ்க் பிரேக் மாட்ட முடியுமா, தாத்தா?" என்றான் பையன்.

"எங்க ஓட்டப் போறே?"

"செண்பகத்தோப்புப் பக்கம்."

"அப்படின்னா முதல்ல போர்க்கை மாத்தணும். பிரேக்கை அப்புறம் பார்ப்போம்" என்று சொல்லி, அவர் ஸ்பானரைத் தேட ஆரம்பித்தார்.