தைம் இலையும் ஓமத் தண்ணியும் பூச்சி மருந்தும்

போன கிழமை ஏழாம் தரப் பிள்ளைகளுக்கு ஒரு கொத்து தைம் இலையைக் கசக்கி முகரக் கொடுத்தோம். நுவரெலியாப் பக்கம் ஹோட்டல்களுக்காக வளர்க்கிறார்களே, அந்தச் சின்ன இலைச் செடிதான். பெயர் யாருக்கும் தெரியவில்லை. "ஓமத் தண்ணி வாசம் சேர்" என்றாள் ஒரு பிள்ளை.

சரியான விடை. தைம் இலைக்கும் ஓமத்துக்கும் அந்தக் காரமான வாசத்தைக் கொடுப்பது தைமோல் என்ற ஒரே பொருள்தான். நம் வாசல் கற்பூரவள்ளியும் கிட்டத்தட்ட இதே வாசம். மத்திய கிழக்கில் வேலை செய்து திரும்பும் நம் பெண்கள் கொண்டுவரும் ஸஃதர் பொடியும் இந்தக் கூட்டம்தான். எலுமிச்சை வாசத் தைமும் உண்டு, அதில் தைமோல் குறைவு.

இந்தத் தைமோலுக்கும் நம் தோட்டங்களுக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது.

வெறுங்காலோடு கொழுந்தெடுத்த நம் பாட்டன் பாட்டிமாரின் பாதத் தோல் வழியே கொக்கிப்புழு ஏறியது. குடலில் ஒட்டி இரத்தம் குடித்தது. வெளுத்துப்போய் மூச்சு வாங்கியவர்களைச் சோம்பேறி என்று ஏசிய துரைமாரும் இருந்தார்கள். 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. அந்தக் காலத்தில் இந்தப் புழுவுக்குப் பேர்போன மருந்து தைமோல்.

அதை விழுங்குவது இலேசான காரியமல்ல. முதல் நாள் பேதி உப்பு, மறுநாள் காலை வெறும் வயிற்றில் மருந்து, பிறகு மறுபடியும் பேதி உப்பு. பெரியவருக்குச் சுமார் 4 கிராம். எண்ணெய், நெய், சாராயம் எதுவும் வாயில் படக்கூடாது. பட்டால் தைமோல் கரைந்து இரத்தத்தில் ஏறி ஆளையே விழுத்திவிடும். (வாப்பும்மா காய்ச்சித் தரும் ஓமத் தண்ணியில் இருப்பது துளியளவு. அது வயிற்றுப் பொருமலுக்கு, பூச்சிக்கு அல்ல. யாரும் வீட்டில் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.)

வேடிக்கை என்னவென்றால், 1914 போருக்கு முன் தைமோல் வடிக்க ஜெர்மனிக்குக் கப்பலேறியது இந்திய ஓமம். நம் முன்னோர் விட்டுவந்த நாட்டு ஓமமே சீமை மருந்தாகத் திரும்பியது. போர் வந்ததும் தட்டுப்பாடு. பிறகு கெனோபோடியம் என்ற இன்னொரு செடியின் எண்ணெயைக் கொடுத்தார்கள்.

மருந்தால் புழு விழுந்தது. ஆனால் அதன் முட்டை பொரிக்கும் மண் அப்படியே கிடந்தது. மலசலகூடம் கட்டாமல் மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை என்று ரொக்பெல்லர் ஆட்கள் வற்புறுத்தினார்கள். மருந்துக்கு இணங்கிய தோட்டக்காரர்கள் பலர், கட்டுகிற செலவென்றதும் இழுத்தடித்தார்கள். குணமானவர்கள் அதே லயத்துக்குத் திரும்பி, அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்து, மறுபடியும் புழுவை வாங்கிக்கொண்டார்கள். நமக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இப்போது பாடசாலையில் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். ஒரு வில்லை, பத்தியம் இல்லை. பல குடும்பங்கள் ஒரே மலசலகூடத்தைப் பாவிக்கும் லயங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து அதை வாங்கிப் போகிறார்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பழைய பூச்சி மருந்துக் கதை ஏதும் சொல்லியிருந்தால் எழுதி அனுப்புங்கள். ஏழாம் தரத்தில் வாசித்துக் காட்டுவோம்.