காற்று காட்டிய கட்டி

1895இல் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ்கதிர், முறிந்த எலும்பையும் உடலில் தைத்த குண்டையும் தெளிவுறக் காட்டிற்று. மூளைக் கட்டியை மட்டும் அதனால் காட்ட இயலவில்லை. மூளை, கட்டி, மூளை நீர் ஆகிய மூன்றும் அக்கதிரை ஏறக்குறைய ஒரே அளவில் தடுப்பன. ஆதலின் படத்தில் மண்டையோட்டின் நிழலே மிஞ்சியது.

இக்குறையால் மிகவும் இடர்ப்பட்டோர் குழந்தைகளே. வளர்ந்தவர் பார்வை மங்குவதையும் கை தளர்வதையும் எடுத்துரைப்பர். அதனைக்கொண்டு மருத்துவர் கட்டியின் இடத்தை உய்த்துணர்வர். மழலைக்கு அது கூடுமா? காலையில் வாந்தி எடுக்கும், நடை தள்ளாடும், அழும். வயிற்றுக் கோளாறென்று பெற்றோர் எண்ணுவர். உள்ளேயோ, சிறுமூளையருகே எழுந்த கட்டி நீரோடும் வழியை அடைக்க, மூளையின் அறைகள் உப்பிக்கொண்டிருக்கும்.

பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய வால்டர் டாண்டி என்னும் இளம் அறுவை மருத்துவர், குடலில் தங்கிய காற்று எக்ஸ்ரே படத்தில் தனித்துத் தெரிவதைக் கருதிப் பார்த்தார். மூளை அறையின் நீரைச் சிறிது சிறிதாக வாங்கி, அவ்விடத்தில் காற்றைச் செலுத்தினால் என்ன? 1918இல் அதனைச் செய்து வெளியிட்டார். அவர் முதலில் சோதித்தவர்கள் குழந்தைகள். கைக்குழந்தையின் மூடாத உச்சிக்குழி ஊசிக்கு வழிவிட்டது. மூத்த பிள்ளைகளுக்கு மண்டையோட்டில் துளையிட வேண்டியிருந்தது. கட்டி அப்போதும் கண்ணுக்குப் புலப்படவில்லை. அறை எப்பக்கம் ஒதுங்கிற்று, எங்கே நசுங்கிற்று என்பதைக் கொண்டே அதன் இருப்பிடம் அறியப்பட்டது.

அறிவுக்கு விருந்தாகிய இம்முறை பிள்ளைகளுக்குப் பெருந்துன்பமாகவே இருந்தது. மறு ஆண்டில் டாண்டி முதுகுத்தண்டின் வழியாகவும் காற்றேற்றிக் காட்டினார். அதிலும் கடுந்தலைவலியும் வாந்தியும் தொடர்ந்தன. மூளையில் அழுத்தம் மிகுந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. வேறு நல்வழியின்மையால் அரை நூற்றாண்டுக்கு மேலாக மருத்துவர் இதனைக் கையாண்டனர். அவர்களைக் குறைகூறுவது முறையன்று.

விடிவு வந்த திசை வியப்புக்குரியது. நாய் பாட்டுக் கேட்கும் படம் பொறித்த இசைத்தட்டுகளை வெளியிட்ட ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டு, பல கோணங்களில் கதிர் பாய்ச்சி, கணிப்பொறியால் கணக்கிட்டு, மூளையின் குறுக்குவெட்டையே படமாக்கினார். 1971 அக்டோபர் 1ஆம் நாள் லண்டன் விம்பிள்டனில் முதல் நோயாளிக்கு இப்படம் எடுக்கப்பட்டது. கட்டியே நேரில் தெரிந்தது; ஊசியுமில்லை, காற்றுமில்லை. 1979இல் அவரும் கார்மாக்கும் நோபல் பரிசு பெற்றனர். 1946இல் மறைந்த டாண்டிக்கு அப்பேறு கிட்டவில்லை.

பின்னர் வந்த காந்தப் படத்தில் எக்ஸ்கதிரும் தேவைப்படவில்லை. ஆயினும் நெடுநேரம் அசையாது படுத்திருக்க வேண்டும். கருவியின் இரைச்சலோ பெரிது. ஆகவே சிறு குழந்தைகளை இன்றும் பெரும்பாலும் மயக்கமருந்தால் உறங்கவைத்தே படமெடுக்கின்றனர்.