பரமட்டா ஏரியும் அதைச் சூழ்ந்த காடும்

ஆஸ்திரேலியாவில், சிட்னி மாநகருக்கு மேற்கே 20 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் பரமட்டா என்னும் பழைய நகரம் உள்ளது. விலாங்கு மீன் நிறைந்த இடம் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். டாருக் மொழி பேசிய பர்ரமட்டகல் குடியினர் வழங்கிய பெயர் அது. வெள்ளையர் 1788-இல் அங்கே குடியேறினர். மறு ஆண்டே பெரியம்மை பரவி, சிட்னியைச் சுற்றியிருந்த ஆதிக்குடிகளில் பெரும் பகுதியினரை வாரிக்கொண்டு போயிற்று. ஏரியின் வரலாற்றை அணை கட்டிய நாளிலிருந்து தொடங்குவோர் இதை மறந்துவிடலாகாது.

நகரம் பெருகவே குடிநீருக்குத் தட்டுப்பாடு வந்தது. ஹண்ட்ஸ் ஓடையை மறித்து 1856-இல் அணை எழுப்பினர். பெர்சி சிம்ப்சன், எட்வர்டு மொரியார்ட்டி, வில்லியம் ராண்டில் ஆகிய மூவரும் அதன் அமைப்பில் பங்கு கொண்டவர்கள். கைதிகளின் உழைப்பால் போடப்பட்ட வட பெருஞ்சாலைப் பணியை முன்னாளில் மேற்பார்த்தவர் இந்தச் சிம்ப்சன்தான்.

இவ்வணையின் சிறப்பு அதன் வளைவில் இருக்கிறது. சாதாரண அணை தன் பாரத்தினால் நீரைத் தாங்கும்; ஆகவே பருமனாக இருந்தே தீரவேண்டும். இதுவோ வில்லைப்போல் நீரை நோக்கி வளைந்து, தன்மேல் விழும் அழுத்தத்தை இருபுறத்துப் பாறைகளுக்குக் கடத்திவிடுகிறது. கிணற்றின் வட்டச் சுவர் சுற்றியுள்ள மண்ணின் நெருக்கத்தைத் தாங்கி நிற்கவில்லையா? அதே சூட்சுமந்தான். வெட்டிய மணற்கல்லால் கட்டிய மெல்லிய சுவர் அது. ஆஸ்திரேலியாவின் முதல் வளைவு அணை. 1898-இல் காங்கிரீட்டால் சுமார் 3 மீட்டர் உயர்த்தினார்கள். இன்றும் அசையாமல் நிற்கிறது.

சுவர் நின்றது; நீர்தான் கெட்டது. மேட்டு நிலங்களில் குடியிருப்பு பெருகப் பெருக அழுக்கு ஓடையில் கலந்தது. 1909-இல் குடிநீருக்காக எடுப்பதை நிறுத்திவிட்டனர். அதற்குள் மேல் நேப்பியன் திட்டம் சிட்னி வட்டாரத்துக்கு நீர் தந்துகொண்டிருந்தது. அதை வகுத்தவரும் அதே மொரியார்ட்டி என்பது வேடிக்கைதான்!

பின்னர் மக்கள் அங்கே நீந்தினர், படகு விட்டனர். அசுத்தம் மிகவே 1940-களில் நீச்சலுக்கும் தடை வந்தது. ஆயினும் ஏரியால் ஒரு நன்மை விளைந்தது. நீர்ப்பிடிப்புக்கென ஒதுக்கிய நிலமாதலால், சுற்றுவட்டாரக் காடெல்லாம் வீட்டு மனைகளாகியும் இங்கே 70 ஹெக்டேருக்கு மேல் யூக்கலிப்டஸ் மரங்களும் பாறைச் சரிவுகளும் தப்பின. திட்டமிட்டுக் காத்தார்கள் என்று சொல்வதைவிட, தண்ணீர் காத்துக் கொடுத்தது என்பதே பொருந்தும்.

2015 ஜனவரியில் நீச்சல் மறுபடி அனுமதிக்கப்பட்டது. ஆனால் பெருமழைக்குப் பின் சில நாள் இறங்கவேண்டாமென்று எச்சரிக்கிறார்கள். மேட்டு வீதிகளின் அழுக்கு மழையோடுதானே இறங்கி வருகிறது.