புறம்போக்கில் குந்திய பிரபுக்கள்

1820களில் டாஸ்மேனியாத் தீவில் ஒருவரை 'ஸ்குவாட்டர்' என்றால் அது வசவு. 'ஸ்குவாட்' என்றால் குந்துவது. தண்டனை முடிந்த கைதிகள் சிலர் அரசு நிலத்தில் குடிசை போட்டுக் குந்திக்கொண்டு, அடுத்தவன் மந்தையில் ஆடு திருடிப் பிழைக்கிறார்கள் என்று ஊர் பேசியது. இருபது ஆண்டு கழித்து ஆஸ்திரேலியாவின் பெரும் பணக்காரர்களுக்கு அதே பெயர். செயல் என்னவோ அதேதான். குந்தியவர்களிடம் இப்போது ஆடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன.

1829இல் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் ரால்ஃப் டார்லிங் சிட்னியைச் சுற்றி 19 மாவட்டங்களை எல்லையாக வகுத்தார். அதற்கு அப்பால் குடியேறத் தடை. ஆனால் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் ஆலைகள் கம்பளிக்குப் பறந்துகொண்டிருந்தன. கையில் முதல் இருந்தவர்களும் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளும் மெரினோ ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டினார்கள். பின்னால் மாட்டு வண்டியில் மாவும் தேயிலையும் சர்க்கரையும் வந்தன. பிளந்த மரப் பலகைகளைச் செங்குத்தாக நட்டால் சுவர், மேலே மரப்பட்டையைப் போர்த்தினால் கூரை. வீடு ரெடி.

தடுக்க முடியாததை வரவாக்கிக்கொண்டார் அடுத்த ஆளுநர் ரிச்சர்ட் பர்க். 1836 முதல் ஆண்டுக்கு 10 பவுண்டு உரிமக் கட்டணம். எத்தனை ஆயிரம் ஏக்கர் மேய்த்தாலும் அதே பத்துதான். 1844இல் அவருக்குப் பின் வந்த ஆளுநர் ஜார்ஜ் கிப்ஸ் இதற்குப் பரப்பளவுக் கணக்கு கொண்டுவரப் பார்த்தபோது பெரும் கூச்சல் எழுந்தது. 1847இல் லண்டனே இறங்கிவந்து, தொலைவான பகுதிகளில் 14 ஆண்டுவரை குத்தகையும் நிலத்தை வாங்க முன்னுரிமையும் கொடுத்தது.

அந்த நிலம் ஒன்றும் காலியாகக் கிடக்கவில்லை. 1838 ஜூன் 10 அன்று மயால் கிரீக் பண்ணையில் குறைந்தது 28 பூர்வகுடிகள் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். ஏழு மந்தை ஆட்கள் தூக்கில் தொங்கினார்கள். அவர்கள் கைதிகளும் முன்னாள் கைதிகளும்தான். கும்பலுக்குத் தலைமை தாங்கியதாகச் சொல்லப்பட்ட ஜான் ஃபிளெமிங் வசதியான குடும்பத்துப் பிள்ளை. அவர் தப்பிவிட்டார், விசாரணைக்கே வரவில்லை.

ஏழை உழவருக்கும் நிலம் கிடைக்கட்டும் என்று நியூ சவுத் வேல்ஸ் அரசியல்வாதி ஜான் ராபர்ட்சன் 1861இல் சட்டம் கொண்டுவந்தார். யார் வேண்டுமானாலும் 40 முதல் 320 ஏக்கர்வரை தேர்ந்தெடுக்கலாம். ஏக்கர் ஒரு பவுண்டு, கால் பங்கு முன்பணம். ஸ்குவாட்டர்கள் அசரவில்லை. வேலையாள், மச்சான், மகன் என்று பினாமி பெயர்களில் வளைத்தார்கள். இன்னொரு வித்தை இதைவிடக் கில்லாடித்தனமானது: ஓடைக்கரையையும் நீர்க்குட்டையையும் மட்டும் பொறுக்கி வாங்கிவிடுவது. தண்ணீர் இல்லாத மீதி நிலத்தை எவன் கேட்பான்? மயில் தோகையின் கண்களை மட்டும் பறிப்பது போல என்பதால் அதற்கு 'பீகாக்கிங்' என்றே பெயர்.

அந்தச் செல்வத்தைப் பார்க்க மெல்பர்ன் அருகே வெரிபி போகலாம். ஸ்குவாட்டர்களான சர்ன்சைடு சகோதரர்கள் 1870களில் கட்டிய 60 அறை மாளிகை இன்றும் நிற்கிறது.

அந்தப் பழைய குத்தகை முறை பிறகு நீதிமன்றத்துக்கும் வந்தது. மேய்ச்சல் குத்தகை கொடுத்ததாலேயே பூர்வகுடிகளின் நில உரிமை அழிந்துவிடாது என்று 1996இல் விக் பூர்வகுடியினரின் வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் இரண்டு உரிமைகளும் மோதினால் குத்தகைதாரர் உரிமையே நிற்கும். அதையும் பண்ணைக்காரர்கள் ஏற்கவில்லை. 1998இல் பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசு சட்டத்தைத் திருத்திப் பூர்வகுடிகளின் உரிமையை மேலும் சுருக்கியது.