விலைக்கு வந்த எஜமானர்

கருங்கடல் ஓரத்து சினோப்பே நகரில் பிறந்தவர் கிரேக்க ஞானி டயோஜனிஸ். தகப்பனார் நாணயம் மாற்றும் தொழில் செய்தவர். ஊர் நாணயத்தைக் கெடுத்தார்கள் என்ற பழி வர, மகன் ஊரைவிட்டே போக நேர்ந்தது. ஏதென்ஸில் சந்தைவெளிக் கோயிலருகே கிடந்த தாழி அவருக்கு வீடாயிற்று. பீப்பாய் என்று பலர் எழுதுகிறார்கள். அது மரப்பீப்பாய் அல்ல; தானியமும் ஒயினும் கொட்டிவைக்கும் மண்தாழி.

ஒரு கோல், ஒரு பை, ஒரு கிண்ணம். இவைதான் அவருடைய சொத்து. கைகளைக் குவித்துத் தண்ணீர் குடித்த சிறுவனைப் பார்த்ததும், இந்தப் பிள்ளை என்னை ஜெயித்துவிட்டான் என்று கிண்ணத்தையும் வீசினார். சிலைகளிடம் போய்ப் பிச்சை கேட்பார். ஏனென்று கேட்டால், இல்லை என்ற சொல்லைத் தாங்கப் பழகுகிறேன் என்பார். மனிதன் இறகில்லாத இருகால் பிராணி என்று பிளேட்டோ வரையறுக்க, இறகு உரித்த கோழியோடு வந்து நின்றார்: இதோ பிளேட்டோவின் மனிதன்! பட்டப்பகலில் விளக்கேற்றி மனிதனைத் தேடியவரும் இவரே. ஊரார் நாய் என்று ஏசினார்கள். அந்தப் பெயரை அவர் மறுக்கவில்லை.

வரம் கேள் என்ற அலெக்சாண்டரிடம், வெயிலை மறைக்காமல் விலகு என்றாராம். எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால், அவர் யாரென்று காட்டுவது கிரீட் தீவின் அடிமைச் சந்தைதான். அந்தக் கதையைக் கி.பி. 3ஆம் நூற்றாண்டில் டயோஜனிஸ் லயேர்ஷியஸ் என்ற இன்னொருவர் எழுதிவைத்திருக்கிறார்.

கடற்கொள்ளையர் பிடித்து அவரை விலைக்கு நிறுத்தினார்கள். என்ன வேலை தெரியும் என்று ஏலம் கூறுபவன் கேட்டான். மனிதர்களை ஆளத் தெரியும் என்றார். உட்காராதே என்று அதட்டியபோது, மீன் எப்படிக் கிடந்தாலும் விலை போகுமே என்றார். கூட்டத்தில் கொரிந்து நகரத்துச் செல்வர் செனியாடிஸைச் சுட்டி, என்னை இவருக்கு விற்றுவிடு, இவருக்கு ஓர் எஜமானர் தேவை என்றார்.

செனியாடிஸ் வாங்கினார். அடிமையானாலும் வைத்தியர் சொல்லைக் கேட்பதுபோல் என் சொல்லைக் கேட்க வேண்டும் என்றார் வாங்கப்பட்டவர். பிள்ளைகளின் படிப்பும் வீட்டுப் பொறுப்பும் அவர் கைக்கு வந்தன. நண்பர்கள் பணம் கொடுத்து மீட்க முன்வந்தபோது கோபித்தார். சிங்கத்துக்குத் தீனி போடுகிறவன்தான் சிங்கத்துக்கு அடிமை என்றார். சுதந்திரத்தை இவ்வளவு திடமாக நம்பிய இன்னொருவரை நான் வரலாற்றில் படித்ததில்லை.

கி.மு. 323 வாக்கில் கொரிந்தில் மறைந்தார். சமாதியின் தூண்மேல் பளிங்கு நாய் ஒன்றை வைத்தார்கள். அவரைத் துரத்திய சினோப்பே இன்று துருக்கியின் சினோப் நகரம். அங்கே கையில் விளக்கோடு அவருக்குச் சிலை இருக்கிறது. பக்கத்தில் ஒரு நாய்.